இடித்தவர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை: உங்கள் காப்பீட்டு நிறுவனம் எதைத் தர வேண்டும், எதை மறுக்கலாம்?

இந்தியாவில் பதிவாகியுள்ள சுமார் 30 கோடி வண்டிகளில் 16 கோடிக்கும் அதிகமானவற்றுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. நாடாளுமன்ற நிதித் துறை நிலைக்குழு 2024 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில் இருக்கும் கணக்கு இது. இதில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள். ஓடாமல் ஓரமாகக் கிடக்கும் பழைய வண்டிகளும் உண்டு. அவற்றையெல்லாம் கழித்துவிட்டாலும், உங்கள் காரை நாளை இடிக்கப் போகிறவரிடம் செல்லுபடியாகும் பாலிசி இருக்கும் என்று நம்பி வண்டி ஓட்ட முடியாது.

அப்படி ஒருவர் இடித்தால் என்ன ஆகும்? அவரிடம் பணம் வாங்குவது கஷ்டம் என்பது பலருக்குத் தெரியும். தெரியாதது அடுத்த கட்டம். ஒழுங்காக பிரீமியம் கட்டி வரும் நம்முடைய சொந்த கம்பெனியோடுதான் பாதி சண்டை நடக்கிறது. 'தப்பு அவர் மேல், அவர்கிட்ட வாங்குங்க', 'எஃப்ஐஆர் இல்லாம முடியாது', 'ஒன்றே கால் லட்சம் பில்லுக்கு 80 ஆயிரம்தான் வரும்' என்று வரிசையாகப் பதில் வரும். இதில் எது சட்டப்படி சரி, எது தட்டிக்கழிப்பு? எந்தப் புகாரை எங்கே கொண்டுபோக வேண்டும்?

ஒரே விபத்து, இரண்டு கணக்கு

குழப்பத்துக்கெல்லாம் காரணம் ஒன்றுதான். விபத்தில் காருக்கு ஆன சேதமும் உடம்புக்கு ஆன காயமும் ஒரே கணக்கு என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

கார் சேதம் என்பது உங்களுக்கும் உங்கள் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். யார் மேல் தப்பு, எதிரே வந்தவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்ற கேள்விகள் அங்கே வரவே கூடாது. உடல் காயமும் உயிரிழப்பும் அப்படியல்ல. அங்கே யார் மேல் தப்பு, அந்த வண்டிக்கு யார் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார் என்பதுதான் எல்லாமே.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், கம்பெனி சொல்லும் காரணங்களில் எது நிற்கும், எது நிற்காது என்று நீங்களே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் உங்கள் பாலிசி எந்த வகை?

மோட்டார் வாகனச் சட்டம் 146வது பிரிவின்படி கட்டாயமானது 'தேர்டு பார்ட்டி' காப்பீடு மட்டும்தான். உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு அது. உங்கள் காருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. இடித்தவருக்கு இன்சூரன்ஸ் இல்லை, உங்களிடம் இருப்பது தேர்டு பார்ட்டி மட்டும் என்றால், கார் ரிப்பேருக்கு உங்கள் கம்பெனியோடு சண்டை போட இடமே இல்லை. இடித்தவரிடம்தான் போக வேண்டும்.

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நாம் சொல்லும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் 'ஓன் டேமேஜ்', அதாவது சொந்த வண்டிச் சேதம் என்ற தனிப் பகுதி இருக்கும். கார் ரிப்பேருக்குப் பணம் வருவது இங்கிருந்துதான்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புது கார்களுக்கு 3 ஆண்டு தேர்டு பார்ட்டி காப்பீடு சேர்த்தே விற்கப்படுகிறது. ஆனால் ஓன் டேமேஜ் பகுதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். 'மூணு வருஷத்துக்குக் கட்டியாச்சு' என்று நினைத்து இரண்டாம் ஆண்டு ரெனியூவல் மெசேஜைப் பார்க்காமல் விட்டவர்கள், விபத்து நடந்த பிறகுதான் தங்களிடம் இருப்பது தேர்டு பார்ட்டி மட்டும் என்று தெரிந்துகொள்கிறார்கள். உங்கள் பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் பாருங்கள்.

'தப்பு அவர் மேல், அவர்கிட்ட வாங்குங்க' என்றால்?

ஓன் டேமேஜ் க்ளெய்மில் இந்தப் பதில் செல்லாது. மரத்தில் மோதினாலும், மாடு குறுக்கே வந்தாலும், இன்சூரன்ஸ் இல்லாத டெம்போ இடித்தாலும் உங்கள் பாலிசிக்கு எல்லாமே விபத்துதான். கம்பெனி முதலில் உங்களுக்குப் பணம் தர வேண்டும். பிறகு வேண்டுமானால் உங்கள் இடத்தில் நின்று இடித்தவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சட்டத்தில் இதற்கு 'சப்ரகேஷன்' என்று பெயர். வசூலாகுமா ஆகாதா என்பது கம்பெனியின் தலைவலி. உங்களுக்குப் பணம் தருவதைத் தள்ளிப்போட அது காரணம் ஆகாது.

இப்படி யாராவது வாய்மொழியாகச் சொன்னால் வாதாட வேண்டாம். 'சரி சார், இதையே மெயிலில் எழுதிக் கொடுங்க. எந்த பாலிசி நிபந்தனைப்படி மறுக்கிறீங்கன்னும் போடுங்க' என்று கேளுங்கள். மறுப்புக்கு எழுத்துப்பூர்வமான காரணம் கேட்பது உங்கள் உரிமை. அந்தக் கடிதம் பின்னால் பெரிய ஆயுதம். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை வழக்கு வந்த பிறகு கம்பெனி எடுத்துவர முடியாது என்று கலாடா பவர் வழக்கிலும் (2016) சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் (2019) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பில் 1.2 லட்சம், வருவது 83 ஆயிரம். ஏன்?

அதிகமான சண்டை நடப்பது இங்கேதான். 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்ற பெயரைக் கேட்டு முழுத் தொகையும் வரும் என்று எதிர்பார்க்கிறோம். ஒப்பந்தத்தில் தேய்மானக் கழிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

ரப்பர், பிளாஸ்டிக், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50% கழிப்பார்கள். ஃபைபர் கிளாஸுக்கு 30%. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்பு உள்ளிட்ட மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு: முதல் 6 மாதம் வரை ஏதுமில்லை, 1 முதல் 2 ஆண்டுக்குள் 10%, 3 முதல் 4 ஆண்டுக்குள் 25%, 4 முதல் 5 ஆண்டுக்குள் 35%, 10 ஆண்டைத் தாண்டினால் 50%. இது போக, 1500 சிசி வரையான கார்களுக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயமாகப் பிடிப்பார்கள்.

உதாரணத்துக்கு நாலரை வருடப் பழைய சின்ன கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

- இரும்பு பாகங்கள் 60,000 ரூபாய்: 35% போக 39,000
- பம்பர், விளக்கு போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் 30,000 ரூபாய்: 50% போக 15,000
- கண்ணாடி 10,000 ரூபாய்: முழுசாக 10,000
- லேபர் 20,000 ரூபாய்: முழுசாக 20,000
- கட்டாயக் கழிவு: 1,000

மொத்த பில் 1,20,000. உங்களுக்கு வருவது 83,000. மீதி 37,000 உங்கள் கையிலிருந்து போகிறது. தப்பே செய்யாதவர் 37,000 கட்டுவது நியாயமா என்றால், இல்லைதான். ஆனால் இதில் கம்பெனி ஏமாற்றவில்லை. 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு பெரும்பாலும் இருந்திருக்காது.

சண்டை போட வேண்டிய இடங்கள் வேறு. மாற்ற வேண்டிய பாகத்தை 'ரிப்பேர் பண்ணினா போதும்' என்று சர்வேயர் எழுதுவது, 'இது பழைய சேதம்' என்று சில பாகங்களை அடித்துவிடுவது, பிளாஸ்டிக் அல்லாததை பிளாஸ்டிக் கணக்கில் போடுவது. இதற்கெல்லாம் முதல் வேலை, சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவது. கேட்டால் தர வேண்டும். பாகம் வாரியாக எது அனுமதி, எது மறுப்பு என்று அதில் இருக்கும். ஒர்க்‌ஷாப்பின் எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்த வரியில் என்ன ஆட்சேபம் என்று எழுதுங்கள். 'குறைச்சுட்டாங்க' என்ற பொதுப்படையான புகாருக்கு எங்கேயும் மதிப்பில்லை.

சர்வேயர் எழுதியதுதான் வேதம் என்றும் இல்லை. அந்த அறிக்கைக்கு முக்கியத்துவம் உண்டு, ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று 2009ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்குச் சாதகமான அறிக்கை வரும் வரை கம்பெனி காரணமில்லாமல் சர்வேயரை மாற்றிக்கொண்டே போக முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

கார் முழுசாக நொறுங்கிவிட்டால்?

ரிப்பேர் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் போட்டிருக்கும் காரின் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. அப்போது பாகம் வாரியான தேய்மானம் கிடையாது. ஐடிவி தொகையில் கட்டாயக் கழிவு போக மீதி வர வேண்டும். ஐடிவி 4 லட்சம் என்றால் 3 லட்சம்தான் எல்லை.

அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில்தான் தகராறு வரும். எஸ்டிமேட் 3.2 லட்சம் இருக்க, சர்வேயர் அதை 2.8 லட்சமாகக் குறைத்தால் டோட்டல் லாஸ் ஆகாது, தேய்மானக் கழிவு வந்துவிடும். இந்த நிலையில் இருந்தால், ரிப்பேருக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன் கணக்கை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

தப்பே செய்யாவிட்டாலும் போனஸ் போகுமா?

போகும். 'நோ க்ளெய்ம் போனஸ்' என்பது க்ளெய்ம் செய்யாததற்குத் தரும் சலுகை. தப்பு செய்யாததற்கு அல்ல. யார் இடித்திருந்தாலும் ஓன் டேமேஜில் ஒரு க்ளெய்ம் எடுத்தால் அடுத்த ரெனியூவலில் அது பூஜ்ஜியம். இதை எதிர்த்துப் புகார் கொடுத்தால் பலனில்லை.

எனவே சின்ன சேதத்துக்கு க்ளெய்ம் போடும் முன் ஒரு கணக்கு போடுங்கள். போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், உங்களுக்கு 50% போனஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு க்ளெய்ம் எடுத்தால் அடுத்த ஐந்து ரெனியூவல்களில் கூடுதலாகக் கட்டுவது முறையே 5,000, 3,000, 2,500, 1,500, 500 ரூபாய். பிரீமியம் மாறாமல் இருந்தால் மொத்தம் 12,500. கம்பெனியிடமிருந்து வரப்போவது 8,000 ரூபாய்தான் என்றால், க்ளெய்ம் போடுவது நஷ்டம்.

நிராகரிக்கச் சொல்லும் காரணங்கள்: எது நிற்கும், எது நிற்காது?

'தாமதமாகச் சொன்னீங்க': உடனே தெரிவிப்பது பாலிசி நிபந்தனைதான். ஆனால் நியாயமான காரணத்தால் தாமதமானால் அதை மட்டும் வைத்து இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2011லேயே சுற்றறிக்கை விட்டது. உச்ச நீதிமன்றமும் 2017ல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில் இதையே சொன்னது. ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றால் அட்மிஷன் பேப்பரை இணையுங்கள்.

'பொல்யூஷன் சர்டிஃபிகேட் இல்லை': இது நிற்காது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று இல்லை என்பது எந்த மோட்டார் க்ளெய்மையும் மறுக்கக் காரணமாகாது என்று 2020 ஆகஸ்டில் ஐஆர்டிஏஐ தெளிவாகச் சொல்லிவிட்டது.

'இந்த டாக்குமென்ட் இல்லை, அந்த டாக்குமென்ட் இல்லை': 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ வெளியிட்ட பொதுக் காப்பீட்டு மாஸ்டர் சுற்றறிக்கையின்படி, ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது. க்ளெய்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஆவணங்களை மட்டுமே கேட்கலாம்.

'டாக்ஸியா ஓட்டியிருக்கீங்க': சொந்தப் பயன்பாட்டு காரை வாடகைக்கு விட்டது போன்ற மீறல் என்றால் சிக்கல்தான். ஆனால் முழுசாகக் கையை விரிக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஒரு வழக்கில் 75% வரை தரும் 'நான்-ஸ்டாண்டர்டு' முறையை 2010ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

'ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை', 'குடித்திருந்தார்': இது உங்கள் காரை ஓட்டியவரைப் பற்றியது என்றால் பெரும்பாலும் நிற்கும். இடித்தவர் குடித்திருந்தார் என்பதற்கும் உங்கள் க்ளெய்முக்கும் சம்பந்தமில்லை.

'சர்வேக்கு முன்னாடியே ரிப்பேர் பண்ணிட்டீங்க': இது வலுவான காரணம். சேதத்தைப் பார்க்க கம்பெனிக்கு வாய்ப்பு தர வேண்டும். அவசரப்பட்டு ஒர்க்‌ஷாப்பில் பிரிக்க விடாதீர்கள்.

ரோட்டிலேயே 'செட்டில்' செய்தால் என்ன ஆபத்து?

இன்சூரன்ஸ் இல்லாதவர் போலீஸுக்குப் பயப்படுவார். 'அண்ணே, ஐயாயிரம் வாங்கிக்கங்க, கேஸ் வேண்டாம்' என்பார். நாமும் வாங்கிக்கொண்டு 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தால் 90 ஆயிரம் எஸ்டிமேட்.

இப்போது கம்பெனி கேட்கும்: 'அவரை நீங்களே விடுவிச்சுட்டீங்க. நாங்க யார்கிட்ட வசூலிக்கிறது?' இடித்தவரிடம் வசூலிக்க கம்பெனிக்கு இருக்கும் உரிமை உங்கள் உரிமையிலிருந்து வருவது. அதை நீங்கள் எழுதிக் கொடுத்துத் தொலைத்துவிட்டால், கம்பெனியின் மறுப்புக்கு பலம் கூடிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும்: கம்பெனிக்குத் தெரிவிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதேபோல் உங்கள் கம்பெனி தரும் 'டிஸ்சார்ஜ் வவுச்சர்' மீதும் கவனம் வேண்டும். 'முழு மற்றும் இறுதித் தொகை' என்று கையெழுத்துப் போட்டாலும், ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கப்பட்டது என்று நிரூபித்தால் மீதித் தொகையைக் கேட்கலாம் என்பது அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரூபிப்பது எளிதல்ல. 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன், மீதிக்கு உரிமை கோருவேன்' என்று அன்றே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.

உடம்புக்கு அடிபட்டால் உங்கள் கம்பெனி என்ன தரும்?

இங்கே கதை தலைகீழாக மாறுகிறது. அமெரிக்காவில் பல மாகாணங்களில், இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் உங்கள் கம்பெனியே உங்கள் காயத்துக்கு இழப்பீடு தரும் தனிக் காப்பீடு உண்டு. இந்தியாவின் வழக்கமான கார் பாலிசியில் அப்படி ஒரு பகுதி கிடையாது.

காரின் உரிமையாளரே ஓட்டி அடிபட்டால், தன் சொந்த பாலிசிக்கு அவர் 'மூன்றாம் நபர்' அல்ல. அவருக்குக் கிடைப்பது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே. அதுவும் உயிரிழப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்குத்தான். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் இழந்தால் அதில் பாதி. எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தால் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி பில்லுக்கு மருத்துவக் காப்பீடுதான்.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்குப் பாடம். இரவல் வாங்கிய பைக்கில் போனவர், இன்னொரு பைக் மோதி இறந்தார். குடும்பம் மோதிய வண்டியின் மீது மனுப் போடாமல், இறந்தவர் ஓட்டிய பைக்கின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மட்டும் இழப்பீடு கேட்டது. உரிமையாளரிடம் இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவர், மூன்றாம் நபர் அல்ல என்று கூறி, பாலிசியில் இருந்த தனிநபர் விபத்துத் தொகையான 1 லட்சம் ரூபாயை மட்டும் நீதிமன்றம் அனுமதித்தது. அவர்கள் தட்டியிருக்க வேண்டியது வேறு கதவு.

உங்கள் காரில் உடன் வந்தவர்கள் நிலை வேறு. அவர்கள் உங்கள் பாலிசிக்கு மூன்றாம் நபர்கள். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி காரில் பயணித்தவர்களுக்கும் பொருந்தும் என்பது சட்டப்படி தீர்ந்த விஷயம். ஆனால் பொதுவாக ஒரு நிபந்தனை: உங்கள் பக்கமும் கொஞ்சமாவது தப்பு இருக்க வேண்டும். இரண்டு ஓட்டுநர்கள் மீதும் தப்பு இருந்தால், பாதிக்கப்பட்டவர் முழுத் தொகையையும் யாராவது ஒருவரிடமே வாங்கலாம் என்று 2015ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாதபோது இந்தத் தீர்ப்பு மிகப் பெரிய உதவி.

இதனால்தான் ஒரு வினோதம் நடக்கிறது. கார் சேத க்ளெய்மில் 'அவர் மேல் தப்பு' என்பது கம்பெனிக்குப் பயன்படாது. உடன் வந்தவரின் காயத்துக்கான வழக்கில் அதே கம்பெனி 'நூறு சதவீதம் எதிராளி தப்பு' என்று வாதிடும். ஏனென்றால் அப்படித் தீர்ந்தால் பெரும்பாலும் அது பணம் தர வேண்டியதில்லை. எனவே போலீஸிலும் க்ளெய்ம் படிவத்திலும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கோபத்தில் கூட்டியும் வேண்டாம், பயத்தில் குறைத்தும் வேண்டாம்.

காய இழப்பீட்டு மனு போட வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம். சட்டத்தில் உள்ள கெடு 6 மாதம். கெடு முடிந்தது என்று கூறி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காமல் 6 மாதத்துக்குள் போட்டுவிடுவதே நல்லது.

உடனடி சிகிச்சைக்கு ஒரு வழி இருக்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை உண்டு. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள்.

கம்பெனி மீது எங்கே புகார் செய்வது?

முதலில் காலக் கெடு தெரிந்திருக்க வேண்டும். க்ளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அது வந்த 7 நாளில் முடிவு. இது ஐஆர்டிஏஐ வகுத்திருக்கும் அட்டவணை. இதைத் தாண்டினாலே புகார் செய்யலாம்.

முதல் படி, கம்பெனியின் குறைதீர் அதிகாரி. இரண்டு வாரத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளம். 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம்.

இரண்டாவது, காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றாலோ மறுத்துவிட்டாலோ போகலாம். மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையான தகராறுகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு இடமில்லை. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் கம்பெனி உங்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். தேய்மானக் கணக்கு, சர்வே குறைப்பு, தாமதம் போன்ற தகராறுகளுக்கு இதுவே பொருத்தமான இடம்.

மூன்றாவது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டாண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். செலுத்திய பிரீமியம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் நாள் பிடிக்கும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். எனவே ஆம்புட்ஸ்மேன் முதலில், ஆணையம் பிறகு என்ற வரிசையே சாதகம்.

இடித்தவரை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். கம்பெனி தராத தொகையை, நம் உதாரணத்தில் அந்த 37,000 ரூபாயை, வண்டி உரிமையாளரிடம் தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம். ஒரே தொகையை இரண்டு இடத்தில் வாங்க முடியாது, அவ்வளவுதான். அவர் கட்டாவிட்டால் 174வது பிரிவின்படி நில வரிப் பாக்கியைப் போல வசூலிக்க கலெக்டருக்கு சான்றிதழ் அனுப்ப வழி இருக்கிறது.

இன்னொரு பிடியும் உண்டு. விபத்தில் சிக்கிய இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை, உரிமையாளர் போதுமான ஜாமீன் தராமல் விடுவிக்கக் கூடாது. மூன்று மாதத்தில் தராவிட்டால் ஏலம் விட்டு, பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். டெல்லியில் இருந்த இந்த விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டி ஸ்டேஷனில் இருக்கும்போதே இந்த உத்தரவைச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். வண்டி வெளியே போய்விட்டால் பிடி நழுவிவிடும்.

விபத்து நடந்த அன்று செய்ய வேண்டியவை

- இரண்டு வண்டிகளின் நம்பர் பிளேட், நின்ற நிலை, சேதம், சாலை எல்லாவற்றையும் நகர்த்தும் முன் போட்டோ எடுங்கள்.
- எம்பரிவாகன் செயலியில் அந்த வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் நிலவரத்தைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.
- காயம் இருந்தால் எஃப்ஐஆர் கட்டாயம் வேண்டும். வெறும் கார் சேதம் என்றாலும் போலீஸில் புகார் கொடுத்துப் பதிவு ரசீது வாங்குங்கள்.
- அன்றே கம்பெனிக்குத் தெரிவித்து க்ளெய்ம் எண் வாங்குங்கள். போனில் சொன்னாலும் மெயிலும் அனுப்புங்கள்.
- பணம் வாங்காதீர்கள், எழுதிக் கொடுக்காதீர்கள்.

அபராதத்தைவிட பிரீமியம் அதிகம்

இவ்வளவு பேர் ஏன் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார்கள்? 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட தேர்டு பார்ட்டி பிரீமியம் 1000 சிசி வரையான காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. இன்சூரன்ஸ் இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறை என்றும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் பலரும் பயப்படுவது அபராதச் சலானுக்கு மட்டும்தான். மிகச் சிறிய காரின் ஒரு வருட பிரீமியமே அபராதத்தைவிட அதிகம். பிடிபடாமல் ஒரு வருடம் ஓட்டிவிட்டால் லாபம் என்று கணக்குப் போடுகிறவரை இந்த 2,000 தடுக்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை இழப்பீட்டில் இருக்கிறது. இடித்துவிட்டு அடையாளம் தெரியாமல் ஓடிப்போன வண்டியால் ஒருவர் இறந்தால், 161வது பிரிவின்படி குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். இடித்தவர் யார் என்று தெரிந்து, அவருக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால், அந்தத் தொகை கிடையாது. அவரிடம் சொத்து இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தீர்ப்பு காகிதத்தில் மட்டும். ஓடிப்போனவரால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் குறைந்தபட்ச உதவிகூட, ஓடாமல் நின்ற ஏழை ஓட்டுநரால் பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. இதைச் சரிசெய்ய சட்டத்தைத்தான் திருத்த வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது அடுத்த ரெனியூவல். ஓன் டேமேஜ் பகுதி இருக்கிறதா, ஐடிவி சந்தை மதிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா, கார் ஐந்து வயதுக்குள் என்றால் ஜீரோ டெப் சேர்க்கலாமா, 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் பெயரில் நடப்பில் இருக்கிறதா, வீட்டில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா. பணம் கட்டும் பட்டனை அழுத்தும் முன் இந்த ஐந்தையும் பார்த்துவிடுங்கள். இடித்தவரிடம் பாலிசி இல்லாத நாளில், உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்யப் போவது இந்த ஐந்து பதில்கள்தான்.